தவளைகளைக் காலி செய்து பரண் கட்டிய குழு

அநியாயம் நடந்தது கோமதிநாயகிக்கு, எங்களுக்குக் கோமு. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், எங்கள் பூவரசங்குளம் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையில் ஐந்தாம் வருட ஆராய்ச்சி மாணவி. இரண்டு மழைக்காலம், பதினான்கு குளம், முழங்கால் சேறு. அந்தச் சேற்றில் நின்று தவளைகள் கத்துவதையெல்லாம் பதிவு செய்து கொண்டுவந்து துறைக் கணினியில் வைத்திருந்தாள். அந்தத் தவளைகளை, ஒன்றுமே இல்லாத ஒரு காலியிடத்துக்கு இடம் வேண்டும் என்று சொல்லி, நான்கு பெரியவர்கள் கூடிப் பேசி, தீர்மானம் போட்டு, வெளியேற்றினார்கள்.

வெளியேற்றியவர்கள் திருடர்களாக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன். திருடனுக்கு ஒரு நோக்கமாவது இருக்கும்.

நான்கு பேரையும் சொல்லிவிடுகிறேன், பிற்பாடு யார் எவர் என்று குழம்ப வேண்டாம். துறைத்தலைவர் அம்பலவாணன்: எதையும் ஆரம்பிக்கும் முன் சுவரைப் பார்ப்பவர். இணைப் பேராசிரியர் சுகிர்தராஜ்: தலைவர் சொன்னதையே இன்னும் கொஞ்சம் நீளமாகச் சொல்பவர். அலுவலகக் கண்காணிப்பாளர் சொர்ணலதா மேடம்: சாவிக்கொத்துக்காரர். ஆய்வகப் பொறுப்பாளர் பெத்தபெருமாள்: கணினி தெரிந்தவர். அதாவது, மற்ற மூவருக்கும் தெரியாது என்பதால் இவருக்குத் தெரியும் என்று முடிவு கட்டியிருந்தார்கள். இந்த நால்வரும் சேர்ந்தால் அதற்குப் பெயர் கணினிப் பராமரிப்புக் குழு.

தலைவர் பார்க்கும் அந்தச் சுவரில் ஒரு தாள் உண்டு. 'துறை விதிகள்' என்று தலைப்பு. மொத்தம் பன்னிரண்டு விதிகள். எப்போதோ இருந்த ஒரு தலைவர் எழுதி, கையெழுத்துப் போட்டு, லேமினேஷன் செய்து மாட்டியது. அதில் முதல் விதி: 'கணினியில் ரேம் எவ்வளவு உண்டோ, அதைப் போல் இரண்டு மடங்கு ஸ்வாப் இருக்க வேண்டும்.'

ரேம், ஸ்வாப் என்றால் பயப்பட வேண்டாம். சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். ரேம் என்பது மேடை. காய் நறுக்குவது, மாவு பிசைவது எல்லாம் அங்கேதான். மேடை நிறைந்துவிட்டால், இப்போதைக்குத் தேவைப்படாத பாத்திரங்களைத் தூக்கிப் பரணில் வைக்கிறோம் இல்லையா, அந்தப் பரண்தான் ஸ்வாப். டிஸ்கில் ஒரு பகுதியை அதற்கென்று ஒதுக்கி வைப்பது. ஏறி இறங்க நேரமாகும், ஆனால் அவசரத்துக்கு உதவும். மேடை சின்னதாக இருந்த காலத்தில் பரண் பெரிதாக இருந்தே ஆகவேண்டும். மேடையைப் பெரிதாகக் கட்டிவிட்டால் பரணுக்கு என்ன வேலை? ஏதோ ஆத்திர அவசரத்துக்குக் கொஞ்சம் இருந்தால் போதும். இதைப் புரிந்துகொள்ள முனைவர் பட்டம் வேண்டாம். சொல்லப்போனால் முனைவர் பட்டம் இருந்தவர்களுக்குத்தான் இது புரியவில்லை.

கோமுவின் துறைக் கணினியில் இருந்தது நாலு ஜிபி ரேம். எந்தக் குளத்தில் எந்த இனத் தவளை கத்துகிறது என்று பிரித்தெடுக்கும் அவளுடைய புரோகிராமுக்கு அது போதவே இல்லை. கணினியை ஓட்டும் லினக்ஸ் பாவம், மேடைக்கும் பரணுக்கும் ஏறி இறங்கியே மூச்சு வாங்கும். முடிக்க ஒன்றரை வருடம் ஆகும் என்று திரையில் காட்டியது. கோமுவுக்கு இருந்ததோ அதிலிருந்து ஏழாவது மாதம் முப்பதாம் தேதி வரை. ஏற்கெனவே இரண்டு முறை அவகாசம் வாங்கியாயிற்று. முப்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் ஆய்வேடு கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஐந்து வருடம் அப்படியே போகும்.

அதனால்தான் ரேம் கேட்டு எழுதினாள். அந்த ஏழாவது மாதமே, நாலாம் தேதி காலையில், முப்பத்திரண்டு ஜிபி வந்து சேர்ந்தது. பெத்தபெருமாள் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினார். கணினி எழுந்து நின்றது. முப்பத்திரண்டு என்று காட்டியது. ஒரு பிற்பகலில் வேலை முடிந்துவிடும் என்று கோமு ஹாஸ்டலுக்கு ஓடிவந்து அறைத்தோழியான என்னைக் கட்டிக்கொண்டாள்.

திரும்பிப் போனபோது கணினி மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'ஸ்வாப் மறுசீரமைப்பு நிலுவையில் உள்ளது. தொடாதே.'

"ஸ்வாப் இப்பவே எட்டு ஜிபி இருக்கு சார். அதுவே தாராளம். ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்றாள் கோமு.

"ஒண்ணும் செய்ய வேண்டாம்னு முடிவெடுக்கிறதுக்கும் குழு கூடணும்மா" என்றார் தலைவர்.

ஆறாம் தேதி குழு கூடியது. கோமு சிறப்பு அழைப்பாளர், நான் அவளுக்குத் துணை. தலைவர் சுவரைப் பார்த்தார். சுகிர்தராஜும் சுவரைப் பார்த்தார்.

"ரேம் முப்பத்திரண்டு. இரு மடங்குன்னா அறுபத்து நாலு" என்றார் தலைவர்.

"அதாவது, முப்பத்திரண்டும் முப்பத்திரண்டும்" என்றார் சுகிர்தராஜ்.

கோமு எழுந்து நின்றாள். "சார், அந்த விதியை எழுதுன காலத்துல ரேமே அரை ஜிபிதான். பத்தாதுன்னுதான் ரெண்டு மடங்கு வச்சாங்க. இப்ப ரேமே முப்பத்திரண்டு ஆயிருச்சு. ஸ்வாப் பக்கம் போகவே போகாது. மேடை பெருசானதுக்குப் பரணையும் பெருசாக்குவாங்களா யாராவது?"

"அப்போ விதி தப்புங்கறியாம்மா?"

"தப்பில்ல சார். பழசு."

"பழசுன்னா இத்தனை வருஷத்துல ஒருத்தராவது கிழிச்சிருப்பாங்களே?"

"லேமினேஷன் சார், கிழியாது" என்றார் பெத்தபெருமாள்.

அதைத் தலைவர் ஒரு சாட்சியமாகவே ஏற்றுக்கொண்டார். அறுபத்து நாலு என்று தீர்மானம் ஆயிற்று. அடுத்த கேள்வி, இடம் எங்கே?

பெத்தபெருமாள் கணக்குச் சொன்னார். டிஸ்க் மொத்தம் நூற்றிருபது. லினக்ஸும் துறையின் கோப்புகளும் ஐம்பத்தாறு. ஏற்கெனவே உள்ள ஸ்வாப் எட்டு. கோமுவின் தவளைகள் ஐம்பத்தாறு.

தலைவர் காகிதத்தில் எதையோ கூட்டினார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "தவளை ஐம்பத்தாறு. ஸ்வாப் எட்டு. ரெண்டையும் கூட்டினா?"

"அறுபத்து நாலு!" என்றார் சொர்ணலதா மேடம். சொல்லிவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டார்.

கணக்கு அவ்வளவு அழகாக ஒத்துப்போனதுதான் விபரீதம். ஒன்று கூடியிருந்தாலோ குறைந்திருந்தாலோ தவளைகள் பிழைத்திருக்கும். சரியாக ஒத்துப்போனதும் நால்வருக்கும் அது தெய்வ சம்மதமாகத் தெரிந்தது.

"சார், துறைக் கோப்புன்னு சொன்னீங்கல்லா, அதுல முப்பத்தஞ்சு ஜிபி துறை விழாப் படம் சார்" என்றாள் கோமு. "உங்களுக்குப் பொன்னாடை போடுற படம் மட்டுமே நாலாயிரம் இருக்கு."

"அது துறையோட வரலாறும்மா. உன்னோடது வெறும் சத்தம்."

"அந்தச் சத்தம்தான் சார் என் ஆய்வேடு!"

"ஆய்வேடு எழுத்துல இருக்கணும். சத்தமா எப்படிச் சமர்ப்பிப்பே?" என்று கேட்டார் சுகிர்தராஜ். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே சந்தேகம். அவரிடம் நான்கு பேர் முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறார்கள்.

இருந்தாலும் குழு இரக்கமற்றது என்று சொல்லிவிட முடியாது. தவளைகளை அழிக்கும் முன் காகிதத்தில் ஒரு பிரதி எடுத்துவைக்கலாம் என்று தலைவர் யோசனை சொன்னார். பெத்தபெருமாள் ஒரு தவளையைத் திறந்து அச்சுக்குக் கொடுத்தார். சத்தக் கோப்பைக் கடிதம் தட்டச்சுகிற புரோகிராமில் திறந்தார், மகானுபாவன். இருநூற்றுப் பதினான்கு பக்கம் வந்தது. எல்லாம் கட்டமும் கோடும் கேள்விக்குறியும். தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று பக்கம் வாசித்தார்.

"இதுல எந்த இடத்துலம்மா கத்துது?"

பிரிண்டரில் மை தீர்ந்துபோனது. அந்த ஒரே காரணத்தால் இந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

கோமு அழவில்லை. அவள் அழுகிற ஜாதியில்லை. தன் சொந்த ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்தாள், கையடக்கமான கறுப்புப் பெட்டி. அதில் தவளைகளையெல்லாம் ஏற்றி, ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். ஒன்பதாம் தேதி பெத்தபெருமாள் கணினியில் இருந்த தவளைகளை அழித்தார். இப்போது உலகத்திலேயே அந்தத் தவளைக் குரல்கள் இருந்த ஒரே இடம் அந்தக் கறுப்புப் பெட்டிதான். அதைப் பையில் போட்டுக்கொண்டு அவள் வாசலைத் தாண்டப் போனாள்.

"எங்கம்மா கிளம்பிட்டே?" என்றார் சொர்ணலதா மேடம். "துறைத் தவளை வளாகத்தை விட்டு வெளியே போகக்கூடாது. விதி நாலு."

"பெட்டி என்னோடது மேடம்."

"பெட்டி உன்னோடதுதான். நான் இல்லைன்னு சொல்லல. தவளை துறையோடது. தவளையை எடுத்துட்டுப் பெட்டியைக் கொண்டு போ."

வாதம் செய்வதில் எனக்கும் கொஞ்சம் பெயருண்டு. மேசையில் கை ஊன்றி அரை மணி நேரம் பேசினேன். மேடம் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் பெட்டியைத் தன் சாப்பாட்டுச் சம்புடத்துக்குள் வைத்தார். எவர்சில்வர் சம்புடம், இறுக்கமான மூடி. சுற்றிலும் அரக்கு முத்திரை வேறு.

தலைவர் பதறிப்போனார். "மூடியில ஓட்டை போட்டீங்களா?"

"ஓட்டையா சார்?"

"நாம விலங்கியல் துறைங்க! விதி ஒன்பது. உயிருள்ள மாதிரிகளை வைக்கும் பெட்டியில் காற்றுத் துளை இருக்க வேண்டும்."

"சார், உள்ள இருக்கது தவளை இல்ல, தவளைச் சத்தம்" என்றாள் கோமு.

"செத்த தவளை கத்துமாம்மா?"

"கத்தாது சார்."

"அப்போ உயிருள்ளதுதானே?"

பெத்தபெருமாள் ஆணியும் சுத்தியலும் கொண்டுவந்தார். பதினான்கு குளத்துக்குப் பதினான்கு துளை. தலைவர் திருப்தியாகத் தலையாட்டி, சுவரைப் பார்த்துப் பத்தாவது விதியையும் வாசிக்க வாயெடுத்தார். "ஓட்டைதான் போட்டாச்சே சார், விடுங்க" என்று கோமு தடுத்துவிட்டாள். அவரை முழுதாக வாசிக்கவிடாதது தன் வாழ்நாள் தவறு என்று இன்றைக்கும் சொல்கிறாள்.

சம்புடம் பீரோவுக்குள் போனது. கணினியில் அறுபத்து நாலு ஜிபிக்கு ஸ்வாப் எழும்பியது. மேடை ஒரு தெரு என்றால் பரண் இரண்டு தெரு. நறுக்குவதற்குக் காய்தான் இல்லை.

"இப்ப என் தவளையைக் கணினியில போட்டாத்தானே சார் புரோகிராம் ஓடும்?" என்று கேட்டாள் கோமு.

"போடலாமே. இடம் எங்க இருக்கு?" என்றார் தலைவர்.

இது இப்படி இருக்கும்போது பன்னிரண்டாம் தேதி பெத்தபெருமாள் வெளிறிய முகத்தோடு ஓடிவந்தார். "சார், ஸ்வாப்புல பயன்பாடு சைபர்னு காட்டுது."

சொர்ணலதா மேடம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

ஏன் இந்தப் பீதி என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் பல்கலைக்கழகத்தில் ஓர் இடம் காலியாக இருப்பதாகத் தெரிந்தால், மூன்று நாளில் வேறொரு துறை வந்து பூட்டுப் போட்டுவிடும். விலங்கியல் அருங்காட்சியகத்தில் இருந்த பாடம் செய்த மானைத் தூசு தட்டுவதற்காக வெளியே எடுத்தார்கள். திரும்பக் கொண்டுபோனபோது உள்ளே இயற்பியல் துறையின் லேத் மிஷின் நின்றது. மான் இன்றைக்கும் மாடிப்படிக்குக் கீழேதான் நிற்கிறது. அதனால் எல்லாத் துறையும் ஒவ்வொரு காலி அறையிலும் உடைந்த பெஞ்சைப் போட்டுவைக்கும். உடைந்த பெஞ்ச் கிடந்தால் அந்த இடம் பயன்பாட்டில் இருக்கிறது என்று அர்த்தம். பதினாறாம் தேதி இட ஆய்வுக்குழு வேறு வரப்போகிறது.

"அறுபத்து நாலு ஒதுக்கிட்டு அதுல ஒண்ணைக்கூடப் பயன்படுத்தலைன்னா, இயற்பியல்காரன் சும்மா விடுவானா?" என்றார் தலைவர்.

"அதாவது, வந்து பூட்டுப் போட்டுடுவான்" என்றார் சுகிர்தராஜ்.

"ஸ்வாப்புக்குள்ள பூட்டுப் போட முடியாது சார்" என்றாள் கோமு.

"மான் இருந்த இடத்துல லேத் மிஷின் போட முடியாதுன்னுதான் நாங்களும் நினைச்சோம்."

ஸ்வாப்பில் ஓர் உடைந்த பெஞ்சைப் போட முடியுமா என்று சொர்ணலதா மேடம் கேட்டார். பெத்தபெருமாள் யோசித்தார். ஸ்வாப்பில் நாமாக எதையும் போட முடியாது, ரேம் நிறைந்து வழிந்தால்தான் தானாகப் போகும் என்றார். அந்த ஐந்து வருடத்தில் அவர் சொன்ன ஒரே சரியான வாக்கியம் அதுதான். அதுவே கோமுவின் தலையில் இடியாக இறங்கியது.

"அப்போ ரேமை நிறைப்போம்" என்றார் தலைவர்.

எதைக் கொண்டு நிறைப்பது? தெரிந்ததைக் கொண்டுதான். பெத்தபெருமாளுக்குத் திறக்கத் தெரிந்தது கால்குலேட்டர். நால்வரும் முறைபோட்டு உட்கார்ந்து கால்குலேட்டர்களைத் திறந்தார்கள். ஒரு முழு வேலை நாள். முந்நூற்றுப் பன்னிரண்டு கால்குலேட்டர்.

"சும்மா திறந்து வச்சா அது பயன்பாடு ஆகாது. ஒவ்வொண்ணுலயும் ஒரு கணக்குப் போடணும்" என்றார் சுகிர்தராஜ். முந்நூற்றுப் பன்னிரண்டிலும் இரண்டையும் இரண்டையும் கூட்டினார்கள். இருநூற்று எட்டாவதில் தலைவருக்கு ஐந்து வந்துவிட்டது. எங்கே தப்பு என்று முதலில் இருந்து சரிபார்த்தார்கள்.

மாலையில் பார்த்தால் ரேமில் ஒன்பது ஜிபிதான் நிறைந்திருந்தது. மீதி இருபத்து மூன்று காலியாக நிம்மதியாகக் கிடந்தது. ஸ்வாப் சைபர்.

"இந்த ரேம்தான் சார் பிரச்சனை" என்றார் பெத்தபெருமாள். "எவ்வளவு போட்டாலும் உள்ள வாங்கிக்குது."

"அதைக் கழற்றிட்டா?"

கோமு ஓடிப்போய்க் கணினிக்கு முன்னால் நின்றாள். "சார், இதுக்குத்தான் சார் ஏழு மாசம் காத்திருந்தேன்! ரேம் இருக்கக்கொள்ளத்தான் ஸ்வாப் சும்மா இருக்கு. அது நல்ல விஷயம் சார்! வீட்டுல எல்லாரும் நல்லா இருந்து ஆஸ்பத்திரிக்கட்டில் காலியா இருந்தா, கட்டில் காலியா இருக்கேன்னு வீட்டுல ஒருத்தர் காலை ஒடிப்பாங்களா?"

குழு இதைப் பற்றிக் கொஞ்ச நேரம் ஆழ்ந்து யோசித்தது.

"அரசாங்கக் கட்டிலா, தனியாரா?" என்று கேட்டார் சொர்ணலதா மேடம்.

முப்பத்திரண்டு ஜிபியைக் கழற்றினார்கள். பழைய நாலு ஜிபியை மாட்டினார்கள். மறுபடியும் கால்குலேட்டர் திறக்கத் தொடங்கினார்கள். நூற்றைம்பதைத் தாண்டும்போதே ஸ்வாப்பில் எண் அசைந்தது. ஒன்று. இரண்டு. மூன்று ஜிபி! சுகிர்தராஜ் கைதட்டினார். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கணினி அதற்குப் பிறகு எதைத் தட்டினாலும் கால் மணி நேரம் கழித்துத்தான் பதில் சொன்னது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. கேன்டீனில் இருந்து கேசரி வந்தது. பதினாறாம் தேதி இட ஆய்வுக்குழு வந்தது, சைபர் இல்லை என்பதைப் பார்த்தது, மீதிக் கேசரியைச் சாப்பிட்டது, போனது.

நான் கேட்கிறேன்: இதில் ஒருவர், ஒரே ஒருவர், கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்? எதிர்த்துச் சண்டை போடலாம். நால்வரும் கோமுவின் நன்மைக்காகத்தான் ராப்பகலாய் உழைப்பதாக நம்பினார்கள். கேசரியில் அவளுக்கும் ஒரு பங்கு எடுத்துவைத்திருந்தார்கள்.

பதினேழாம் தேதி கோமு தன் குணத்தையே மாற்றிக்கொண்டாள். நியாயம் பேசினால்தானே வம்பு? அவர்கள் மொழியிலேயே பேசினாள்.

"சார், சுவரைப் பாருங்க. ரேமைப் போல ரெண்டு மடங்கு. இப்ப ரேம் எவ்வளவு?"

"நாலு" என்றார் தலைவர்.

"அப்ப ஸ்வாப் எவ்வளவு இருக்கணும்?"

தலைவர் விரலை மடக்கினார். அவர் முகம் மாறியது. "எட்டு."

"நீங்க அறுபத்து நாலு வச்சிருக்கீங்க. ஐம்பத்தாறு ஜிபி விதிமீறல் சார்."

இப்படி ஓர் அதிர்ச்சியை நான் பார்த்ததே இல்லை. சுகிர்தராஜ் அந்த எண்ணைத் திருப்பிச் சொல்லக்கூட முடியாமல் நின்றார். அன்றைக்கே, அந்த நிமிடமே, ஸ்வாப்பை எட்டுக்குச் சுருக்கினார்கள். ஐம்பத்தாறு ஜிபி காலி! சரியாகத் தவளைகளின் அளவு. முதலில் தவளைகளை ஏற்றிக்கொள்வது, பிறகு எப்படியாவது பேசி ரேமை மாட்டிக்கொள்வது. இதுதான் கோமுவின் திட்டம். இன்னும் பதிமூன்று நாள் இருந்தது.

பீரோ சாவி கேட்டு அலுவலகத்துக்கு ஓடினாள்.

சொர்ணலதா மேடம் கோவில்பட்டிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். சாவிக்கொத்தும் இடுப்பிலேயே போயிருந்தது. சொந்தத் தங்கை மகள் கல்யாணம், மறுவீடு எல்லாம் முடித்து இருபத்திரண்டாம் தேதிதான் வந்தார். கோமு வாசலிலேயே மடக்கினாள். கணினியைத் திறந்து பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

டிஸ்க்கில் காலியிடம் சைபர்.

"இங்க இருந்த ஐம்பத்தாறு ஜிபி எங்க?"

"காலியா கெடந்துச்சுல்லாம்மா" என்றார் பெத்தபெருமாள். "அஞ்சு நாள். எனக்குத் தூக்கமே வரல. அதான் பெஞ்சு போட்டு வச்சிருக்கேன்."

வளாகத்தில் இருந்த உடைந்த பெஞ்சுகள் அத்தனையையும் படம் எடுத்திருந்தார். முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு. கழன்ற கால் தனியாக. ஆணி தனியாக. ஐம்பத்தாறு ஜிபிக்கு உடைந்த பெஞ்சு.

"அழிங்க அண்ணாச்சி" என்றாள் கோமு. அவள் குரலில் உயிரே இல்லை.

"பெஞ்சை நகர்த்தணும்னா எஸ்டேட் ஆபீஸ்ல அனுமதி வாங்கணும்மா. அது படமா இருந்தாலும் பெஞ்சு பெஞ்சுதானே?"

சரி, கணினி போனால் போகட்டும். ரேம் வேண்டாம், டிஸ்க் வேண்டாம், இந்தத் துறையே வேண்டாம். சம்புடத்தை வாங்கிக்கொண்டால், கணிதத் துறையில் என் தோழியின் கணினி இருக்கிறது. இருபத்தைந்து ஜிபி ரேம் சும்மா தூங்குகிறது அதில். ஒரு நாள் போதும். ஒரே ஒரு நாள். நானும் கோமுவும் அலுவலகத்துக்கு ஓடினோம்.

"தவளையைப் படிக்கத்தான் கேட்கிறோம் மேடம். வளாகத்துக்குள்ளதான் இருக்கும். விதி நாலு மீறல" என்றேன்.

சொர்ணலதா மேடம் மறுப்பே சொல்லாமல் பீரோவைத் திறந்தார். மூன்று தட்டுப் பீரோ. நடுத்தட்டில் சிவப்புத் துணி விரித்து, கழற்றிய முப்பத்திரண்டு ஜிபி ரேம். மேல்தட்டு காலி. கீழ்த்தட்டு காலி. துடைத்து வைத்த மாதிரிக் காலி.

"சம்புடம் எங்க மேடம்?"

மேடம் பீரோவைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "நான் ஊர்ல இல்லையே. தலைவர்கிட்ட டூப்ளிகேட் சாவி இருக்கு. எடுத்திருப்பார்."

"டூப்ளிகேட் சாவி இருக்கா?" என்று கத்தினேன் நான்.

"இருக்கான்னு நீங்க கேட்கவே இல்லையேம்மா."

தலைவர் அறைக்குப் போனோம். அவர் எங்களை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், கோமுவின் உடல்நிலையை விசாரித்தார். தவளைகள் எங்கே என்று கேட்டதும் மட்டும் கையை உயர்த்தினார்.

"வாய்வார்த்தையாச் சொன்னா தப்பாப் போயிடும்மா. எழுத்து மூலமாக் கேளு. எழுத்து மூலமாப் பதில் வரும்."

கோமு அங்கேயே நின்று எழுதினாள். மூன்றே வரி. என் தவளைகள் எங்கே, யார் எடுத்தது, எப்போது கிடைக்கும். இருபத்து மூன்று, இருபத்து நான்கு, இருபத்தைந்து என்று தினமும் போய்க் கேட்டோம். கடிதம் குழுவின் பரிசீலனையில் இருந்தது. இருபத்தெட்டாம் தேதி பதிலின் வரைவில் ஒரு காற்புள்ளி பற்றி விவாதம் நடப்பதாகப் பெத்தபெருமாள் ரகசியமாகச் சொன்னார்.

முப்பதாம் தேதி பிற்பகல் மூன்று மணிக்குப் பதில் வந்தது. நால்வரின் கையெழுத்தும் இருந்தது. அதை அப்படியே தருகிறேன்.

'பார்வையில் கண்ட தங்கள் கடிதத்துக்குப் பதில். கணினியில் இருந்து கழற்றப்பட்ட ரேம் பீரோவின் நடுத்தட்டில் பாதுகாப்பாக உள்ளது. ரேம் எங்கு உள்ளதோ அங்கு அதைப் போல் இரண்டு மடங்கு இடம் ஒதுக்கப்பட வேண்டும் என்பதால், விதி ஒன்றின்படி மேல்தட்டும் கீழ்த்தட்டும் காலி செய்யப்பட்டன. அதனால் தங்கள் சம்புடம் அகற்றப்பட்டது. தவளைகள் ஒன்பதாம் தேதியே கணினியில் இருந்து நீக்கப்பட்டுவிட்டதால் அவற்றின் வேலை முடிந்ததாகக் குழு கருதுகிறது. வேலை முடிந்த உயிருள்ள மாதிரிகளைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும் என்பது விதி பத்து. பதினான்கு குளங்களுக்கும் தனித்தனியே பிரித்துவிட வழி இல்லாமையால், பத்தொன்பதாம் தேதி, வளாகத்துக்கு அருகில் உள்ள ஏழாம் குளத்தில், குழு முன்னிலையில் சம்புடம் இறக்கப்பட்டது. துளைகள் வழியே தவளைகள் வெளியேறியபோது எழுந்த குமிழிகள் எண்ணப்பட்டன. அன்று மாலையே தவளைகள் அனைத்தும் அக்குளத்தில் நல்ல ஆரோக்கியத்துடன் கத்தியதைக் குழு கரையில் நின்று காதால் கேட்டு உறுதி செய்தது. அதற்கு ரேம் எதுவும் தேவைப்படவில்லை என்பதையும் தங்கள் ஆய்வுக்கு உதவும் என்ற முறையில் தெரிவித்துக்கொள்கிறோம்.'